பழைய ஃபுல் ஃப்ரேம் வாங்கலாமா?

"அண்ணா, கையில அம்பதாயிரம் இருக்கு. புதுசா ஒரு கிராப் பாடி எடுக்கவா, பழைய ஃபுல் ஃப்ரேம் எடுக்கவா?" அஸ்தினாபுரம், குரோம்பேட்டை, செம்பாக்கம் பக்கம் கல்யாண ஆல்பம் எடுக்க இறங்கும் இளைஞர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். பதில் சொல்பவர்கள் இரண்டு கட்சி. சென்சார் பெரிதாக இருந்தால் போதும், வயது ஒரு பொருட்டே இல்லை என்பது ஒரு கட்சி. பத்து வருஷம் ஆன டிஜிட்டல் கேமராவைத் தொடவே கூடாது என்பது இன்னொன்று. இரண்டிலும் அளந்து பார்த்துச் சொன்னது குறைவு. அந்த ஐம்பதாயிரம் பல வீடுகளில் நகையை அடகு வைத்து வந்த பணம். அதற்கு உரிய மரியாதையோடு இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அளவு 36க்கு 24 மி.மீ. நிக்கான், சோனி கிராப் சென்சாரைவிட இதன் பரப்பு ஏறக்குறைய 2.3 மடங்கு, கேனன் கிராப்பைவிட 2.6 மடங்கு. பரப்பு கூடினால் வந்து விழும் ஒளியும் கூடும். ஸ்டாப் கணக்கில் சொன்னால் 1.2 முதல் 1.4 வரை லாபம். விடியற்காலை முகூர்த்தம், மஞ்சள் சீரியல் லைட், ஹோமப் புகை. இந்தச் சூழலில் கிராப் கேமராவில் ஐஎஸ்ஓ 3200 வைத்தால் வரும் நாய்ஸ், அதே தலைமுறை ஃபுல் ஃப்ரேமில் 6400 தாண்டி வைத்தால்தான் வரும். பின்னணி கரைவதிலும் இதே ஒன்றேகால் ஸ்டாப் வித்தியாசம் உண்டு. 50 மி.மீ. எஃப் 1.8 என்ற மலிவான லென்ஸ் ஃபுல் ஃப்ரேமில் தரும் தோற்றத்தைக் கிராப்பில் கொண்டுவர 35 மி.மீ. எஃப் 1.2 வேண்டும். அதன் விலையில் இன்னொரு பழைய பாடியே வாங்கிவிடலாம். இதுவரை முதல் கட்சி சொல்வது சரி.

ஆனால் மேலே சொன்ன லாபம் ஒரே தலைமுறை சென்சார்களுக்குள் மட்டும் செல்லும். கேனன் 5டி மார்க் 3 வெளிவந்தது 2012இல். டிஎக்ஸ்ஓமார்க் அளவீட்டில் அதன் டைனமிக் ரேஞ்ச் 11.7 ஸ்டாப். மூன்று வருஷம் கழித்து வந்த நிக்கான் டி7200 கிராப் கேமராதான், அதற்கு 14.6. மணப்பெண்ணின் கூந்தல் நிழலைக் கணினியில் தூக்கிப் பார்த்தால், சின்ன சென்சார் பெரியதை ஜெயிக்கிறது. இருட்டில் கதை மாறும்: அதே அளவீட்டின் குறைந்த ஒளி மதிப்பெண் மார்க் 3க்கு 2293, டி7200க்கு 1333. ஃபுல் ஃப்ரேமான நிக்கான் டி750 எடுத்தது 2956. அதாவது கேனன் 5டி மார்க் 3 கிராப்பைவிட முக்கால் ஸ்டாப்தான் முன்னே. டி750 ஒரு ஸ்டாப்பைத் தாண்டி முன்னே. ஃபுல் ஃப்ரேம் என்ற ஒரே பெயரில் விற்கப்படும் பாடிகளுக்குள் இவ்வளவு இடைவெளி.

இந்தக் கணக்கையே புரட்டிப்போட்ட இன்னொன்று 2023 ஏப்ரலில் நடந்தது. அடோபி லைட்ரூமில் ஏஐ டீநாய்ஸ் வந்தது. ரா ஃபைலைக் கொடுத்தால் நாய்ஸை நீக்கி, இமை மயிரையும் பட்டுச் சரிகையையும் காப்பாற்றித் தருகிறது. அதற்குப் பிறகு ஃபுல் ஃப்ரேமின் மிகப் பெரிய வாதமான 'சுத்தமான படம்' பாதி விலைக்கு இறங்கிவிட்டது என்பதே என் கணிப்பு. கிராப் கேமராக்காரரும் ஐஎஸ்ஓ 6400ஐ அச்சுக்குக் கொண்டுபோகிறார். 2008இல் எடுத்த ரா ஃபைலும் இதில் மறுவாழ்வு பெறுகிறது. நாய்ஸைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். தப்பிப்போன ஃபோகஸை எந்த மென்பொருளும் நம்பகமாக மீட்டுத் தராது. ஆகவே பழைய ஃபுல் ஃப்ரேமை எடைபோடும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் ஆட்டோஃபோகஸ். சென்சார் இரண்டாவது.

தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். கெட்டிமேளம் ஆரம்பித்து மூன்றாவது முடிச்சு விழுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கையில் கேனன் 6டி, 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், மணப்பெண் இரண்டு மீட்டர் தூரத்தில். இந்த அமைப்பில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ. அதாவது ஃபோகஸ் விழுந்த இடத்துக்கு முன்னால் 3, பின்னால் 3. 6டியில் மொத்தம் 11 ஃபோகஸ் புள்ளிகள். அவற்றில் நடுப்புள்ளி மட்டும்தான் கிராஸ் டைப். அந்த ஒன்று அருமையான புள்ளி, மைனஸ் 3 இவி இருட்டிலும் பிடிக்கும். மற்றவை மங்கலான ஒளியில் தடுமாறும். வேறு வழியில்லாமல் நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைக்கிறோம். பத்து டிகிரி திருப்பினாலே கூர்மைத் தளம் கண்ணுக்கு 3 செ.மீ. பின்னால் போய்விடும். கண் கூர்மையின் விளிம்பில் நிற்கும், காதோரம் இருக்கும் ஜிமிக்கி தெளிவாக விழும். கேமராவின் சின்னத் திரையில் இது தெரியாது. ஆல்பத்துக்குப் பெரிதாக்கும்போதுதான் தெரியும்.

இந்தத் தேர்வில் 2008இல் வந்த 5டி மார்க் 2 தோற்றுவிடுகிறது. அதன் 21 மெகாபிக்சல் படம் இன்றும் அழகுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒன்பது புள்ளிகளில் நடுவில் உள்ளதை மட்டுமே நம்பலாம். அதுவும் 6டியின் நடுப்புள்ளிபோல இருட்டில் வேலை செய்யாது. மார்க் 3இல் 61 புள்ளிகள், அவற்றில் 41 வரை கிராஸ் டைப், சட்டகத்தில் விரிவாகவும் பரவியிருக்கின்றன. பழைய டிஎஸ்எல்ஆர்களில் ஓரக் கண்ணை நேராகப் பிடிக்க நான் நம்புவது இதைத்தான். 2014இல் வந்த டி750இல் 51 புள்ளிகள், 15 கிராஸ் டைப், மைனஸ் 3 இவி வரை. அவை நடுவில் கொஞ்சம் நெருக்கமாகக் குவிந்திருப்பது குறை; சென்சாரின் தரம் அந்தக் குறையை ஈடுகட்டுகிறது.

சோனியில் கதை வேறு. முதல் ஏ7 2013இல் வந்தது, ஏ7 மார்க் 2 2014இல். மிரர்லெஸ் என்ற பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. மண்டப வெளிச்சத்தில் இரண்டின் ஃபோகஸும் மெதுவாகத் தேடும். பேட்டரி சிறியது, மார்க் 2க்கு நிறுவனக் கணக்கே 350 படம்தான். நிச்சயதார்த்தத்துக்கே மூன்று பேட்டரி வேண்டியிருக்கும். 2018இல் வந்த ஏ7 மார்க் 3 முழுக்க வேறு கேமரா. 693 ஃபோகஸ் புள்ளிகள், சட்டகத்தின் 93 சதவீதம் வரை. 2019 ஏப்ரலில் வந்த ஃபர்ம்வேர் அதற்கு ரியல் டைம் ஐ ஏஎஃப் கொடுத்தது. பேட்டரி 710 படம் தாங்கும். மேலே சொன்ன 3 செ.மீ. சிக்கல் இந்தக் கேமராவில் எழவே எழாது. கண் எங்கே போனாலும் புள்ளி கூடவே போகும். ஏ7 வரிசையில் பழையதாக வாங்கத் தகுந்தது இதிலிருந்துதான் தொடங்குகிறது. டி750, 5டி மார்க் 3 பாடிகளை ஐம்பதாயிரத்துக்கு முன்பின்னாகக் கேட்கிறார்கள். ஏ7 மார்க் 3க்குக் கணிசமாகக் கூடுதல் ஆகும்.

மண்டப விளக்கு பற்றி ஒரு சொல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடியும் ட்யூப்லைட்டும் நொடிக்கு நூறு முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, 1/500 ஷட்டரில் தெரியும்: தொடர்ந்து எடுத்த நான்கு படத்தில் ஒன்று மங்கல், ஒன்று மஞ்சள். மினுக்கலைக் கணித்து ஷட்டரைத் தட்டும் வசதி கேனன் ஃபுல் ஃப்ரேம்களில் 2015இல்தான் வந்தது. 5டி மார்க் 3இலும் 6டியிலும் கிடையாது. 1/100இல் எடுத்தால் தீர்வு கிடைக்கும். ஆனால் அட்சதை தூவும் கைகளை 1/100 உறைய வைக்காது. இது பழைய பாடிக்குக் கொடுக்க வேண்டிய உண்மையான விலை.

பறவை எடுக்க வாங்குகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், பழைய ஃபுல் ஃப்ரேம் தவறான முடிவு. செம்பாக்கம் ஏரியிலோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலோ பறவை எப்போதும் தூரத்தில்தான் இருக்கும். 300 மி.மீ. லென்ஸ் கிராப்பில் 450 போல எட்டும். டி750 படத்தை அதே அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது 10 மெகாபிக்சல். வீடியோவும் அப்படியே. 2012, 2014 டிஎஸ்எல்ஆர்களில் 4கே இல்லை, நகரும் ஆளைத் திரையில் நம்பகமாகப் பின்தொடரும் ஃபோகஸும் இல்லை. கேனனின் டூயல் பிக்சல் ஃபோகஸ் ஃபுல் ஃப்ரேமுக்கு வந்ததே 2016இல். ரீல்ஸும் சேர்த்துத் தருகிறேன் என்று ஆர்டர் பிடிப்பவர் ஏ7 மார்க் 3க்குக் கீழே இறங்கக்கூடாது.

இனி பொருளின் உடல்நிலை. ஒரு கல்யாணத்துக்கு 3,000 கிளிக் என்று வைத்தால், 5டி மார்க் 3க்கும் டி750க்கும் நிறுவனம் சொல்லும் 1,50,000 ஷட்டர் ஆயுள் 50 கல்யாணத்தில் முடிகிறது. சுறுசுறுப்பான ஃபோட்டோகிராஃபருக்கு அது இரண்டு மூன்று முகூர்த்த சீசன். அதற்கு மேலும் ஓடலாம், ஓடாமலும் போகலாம். நிக்கான், சோனி படக்கோப்பிலேயே கவுண்ட் பதிவாகியிருக்கும். கேனனுக்குக் கேபிள் மாட்டி மென்பொருளில் பார்க்க வேண்டும். பார்க்க விடாத விற்பனையாளரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நிக்கான் டி600 எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தயங்குங்கள்: சென்சாரில் எண்ணெய்ப் புள்ளி தெறிக்கும் கோளாறுக்காக 2014இல் நிக்கானே ஷட்டரை இலவசமாக மாற்றித் தர முன்வந்த கேமரா அது. டி750க்கும் 2015இல் ஷட்டர் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது.  சரிசெய்த பாடிதானா என்று வாங்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நம் பகுதிக்கே உரிய இரண்டு சோதனை உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் என்று தாம்பரத்தைச் சுற்றிப் பல தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்தது. நனைந்து காய்ந்த கேமரா வெளியே பளபளவென்று இருக்கலாம். ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூவின் திருகுகளில் துரு, பேட்டரி அறைத் தகடுகளில் பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்தது ஃபங்கஸ். கடற்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் பீரோவில் பூட்டிவைத்த லென்ஸில் சிலந்தி வலை போல வெள்ளை இழை படரும். மொபைல் டார்ச்சை லென்ஸின் பின்புறமிருந்து அடித்து, முன்புறத்திலிருந்து சாய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை எனக்குப் பிடித்த இடம்தான். கேமரா வாங்கும் இடமல்ல. சோதித்துப் பார்க்க அங்கே அவகாசம் கிடைக்காது, மறுவாரம் திருப்பித் தர ஆளும் இருக்காது.

கார்டும் கவனிக்க வேண்டியது. 5டி மார்க் 2இல் காம்பாக்ட் ஃப்ளாஷ் மட்டும்தான் போகும். கடைகளில் அது அரிதாகிவிட்டது. 6டிக்கு ஒரே கார்டு ஸ்லாட். கல்யாணம் மறுபடி நடக்காது. கார்டு செத்தால் அந்தக் குடும்பத்துக்கு நாம் சொல்லும் பதில் எதுவும் போதாது. மார்க் 3, டி750, ஏ7 மார்க் 3 மூன்றுக்கும் இரட்டை ஸ்லாட். பேட்டரி விஷயத்தில் மட்டும் பழைய கேனனுக்கு அதிர்ஷ்டம்: 2008இல் வந்த எல்பி இ6 குடும்பத்து பேட்டரி இன்னும் தயாரிப்பில் இருக்கிறது. கேனன் இஎஃப் லென்ஸ்களும் அடாப்டர் போட்டால் புதிய ஆர் வரிசை பாடிகளில் முழு ஆட்டோஃபோகஸோடு ஓடும். டி750இல் ஓடும் பழைய ஏஎஃப் டி லென்ஸ்கள் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஃபோகஸை இழந்துவிடும். நிக்கான் வாங்குபவர் ஏஎஃப் எஸ் லென்ஸ்களிலேயே பணத்தைப் போட வேண்டும்.

என் தீர்ப்பு இது. ஸ்டில் மட்டும் எடுப்பவர், மங்கிய ஒளியில் மனிதர்களை எடுப்பவர், லென்ஸுக்குத் தனியாகப் பதினைந்தாயிரமாவது ஒதுக்கியவர்: டி750 அல்லது 5டி மார்க் 3 வாங்கலாம். படத்தரத்துக்கு டி750, ஃபோகஸ் பரவலுக்கும் நாளைய லென்ஸ் பாதுகாப்புக்கும் மார்க் 3. வீடியோவும் வேண்டுமென்றால் இன்னும் சில மாதம் சேர்த்து ஏ7 மார்க் 3. சம்பளத்துக்கு எடுக்காமல் ஆசைக்கு எடுப்பவர், நடுப்புள்ளி போதும் என்பவர் 6டி வாங்கி மகிழ்ச்சியாக இருக்கலாம். குமரன்குன்றத்தில் மாலை வெளிச்சத்தில் நிதானமாக எடுக்க அது நல்ல துணை. 5டி மார்க் 2, டி600, ஏ7, ஏ7 மார்க் 2 வேண்டாம். பறவைக்காரர்கள் புதிய கிராப் பாடிக்குப் போகலாம்.

வாங்கப் போகும்போது ஒரு 85 எஃப் 1.8 லென்ஸை இரவல் எடுத்துச் செல்லுங்கள். பகலில் போகாதீர்கள்; மாலை ஏழு மணிக்கு, விற்பவர் வீட்டு ட்யூப்லைட்டில், இரண்டு மீட்டர் தூரத்தில் ஒருவரை நிறுத்தி, ஓரப் புள்ளியில் கண்ணைப் பிடித்து இருபது படம் எடுங்கள். லேப்டாப்பில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். பதினைந்துக்குக் குறைவாகக் கண் கூர்மையாக இருந்தால், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி வாருங்கள்.