ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

லண்டனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் போன மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு போன் செய்தான். அந்த நேரத்தில் போன் அடித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

"மாமா, ஒரு போட் பார்த்து வெச்சிருக்கேன். வாங்கிடலாமான்னு யோசனை."

"எதுக்குடா, மீன் பிடிக்கவா?"

"குடியிருக்க மாமா."

கால்வாய் ஓரம் பல வருஷமாகக் கேட்பாரற்றுக் கிடக்கிற படகாம். ஜன்னல் உடைந்து, உள்ளே பாசி பிடித்து, இன்ஜின் ஓடுமா ஓடாதா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் விலை, இவன் ஃப்ளாட்டுக்கு ஒரு வருஷத்தில் அழுகிற வாடகையைவிடக் குறைவு. சனி, ஞாயிறில் தானே சுரண்டி, பெயின்ட் அடித்து, ஆறு மாதத்தில் குடிபோய்விடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். "அம்மாகிட்ட இப்ப சொல்லிடாதீங்க" என்று ஒரு பின்குறிப்பு வேறு.

படகைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்ததுதான். அதனால் இரண்டு புத்தகங்களின் பெயரைச் சொன்னேன். இரண்டையும் எழுதியவர்கள் பழைய படகில் நிஜமாகவே குடியிருந்தவர்கள். ஒன்று ஆசையைக் கிளப்பும். மற்றது படகின் அடிப்பலகையைத் தட்டிப் பார்க்கச் சொல்லும்.

முதலாவது, எல்.டி.சி. ரோல்ட் எழுதிய 'நேரோ போட்'. இங்கிலாந்தில் பழைய கால்வாய்கள் பலவற்றில், படகை மேட்டுக்கு ஏற்றி இறக்கும் 'லாக்' என்ற தண்ணீர்த் தொட்டிகளின் அகலம் ஏழு அடி சொச்சம்தான். அதற்குள் நுழையவேண்டும் என்பதால் படகும் ஏழடி அகலம், நீளம் மட்டும் எழுபது அடி வரை. நம் ஊர் ஒண்டுக்குடித்தன வீட்டின் ரேழியைப் பெயர்த்துத் தண்ணீரில் விட்டது போல இருக்கும். நிலக்கரி ஏற்றிய இந்தப் படகுகளின் பிழைப்பில் ரயில் வந்து மண்ணைப் போட்டது. மிச்சத்தை லாரி பார்த்துக்கொண்டது.

ரோல்ட் ஒரு இன்ஜினியர். 'க்ரெஸ்ஸி' என்ற பழைய மரப்படகு உறவினர் மூலம் அவர் கைக்கு வந்தது. அதை பான்பரி என்ற ஊரின் படகுப் பட்டறையில் சீர்செய்து, குளிக்கத் தொட்டிகூட வைத்து, 1939 ஜூலையில் புது மனைவி ஆஞ்செலாவோடு புறப்பட்டார். சில வாரங்களில் உலக யுத்தம் வந்துவிட்டது. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதியதைப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் 1944 டிசம்பரில் வெளிவந்தபோது, குண்டுச் சத்தம் கேட்டுக் களைத்துப்போயிருந்த ஜனங்கள் அதைக் கொண்டாடிவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு ராபர்ட் ஐக்மன் என்பவர் ரோல்ட்டுக்குக் கடிதம் போட, 1946-ல் கால்வாய்களைக் காப்பாற்ற ஒரு சங்கமே பிறந்தது. தூர்த்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்த பல கால்வாய்களில் இன்று படகு ஓடுகிறது என்றால் அதில் இந்தப் புத்தகத்துக்கும் பங்கு உண்டு. ஒரு புத்தகத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணங்களில் இது ஒன்று.

ஆனாலும் ஒரு குறை. ரோல்ட்டின் கண்ணுக்குப் படகுக்காரர்கள் தங்கள் கதவிலும் வாளியிலும் வரையும் ரோஜாப்பூவும் கோட்டையும்தான் முதலில் தெரிகின்றன. பத்தடி அறைக்குள் ஒரு குடும்பமே சமைத்து, உண்டு, பெற்று, வளர்த்ததும், அந்தப் பிள்ளைகளில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாததும் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் போன பார்வை சீக்கிரமே அந்தி வெளிச்சத்துக்கும், பழைய சத்திரத்துக்கும் திரும்பிவிடுகிறது. காரணம் எளிது. அவர் படகைத் தேர்ந்தெடுத்தவர். படகு அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கூட வந்த ஆஞ்செலாவுக்கு அந்தக் குளிர்காலங்கள் எப்படிப் போயின என்பதும் புத்தகத்தில் அதிகம் இல்லை. 1951-ல் ரோல்ட் படகை விட்டார். ஆஞ்செலா அவரை விட்டு ஒரு சர்க்கஸில் சேரப் போனார். புத்தகம் வாங்கியவர்களுக்கு இந்தப் பின்கதை தெரிய வாய்ப்பில்லை.

"அதெல்லாம் அந்தக் காலம் மாமா. இப்ப இரும்புப் படகு" என்பான் பையன். வாஸ்தவம். ஆனால் இரும்பும் துருப்பிடிக்கும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி அடியில் தார் பூசவேண்டும். தகடு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சர்வேயர் ஒருவர் கருவி வைத்து அளக்கவேண்டும். லைசென்ஸ், இன்ஷ்யூரன்ஸ், பாதுகாப்புச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். கட்டிவைக்க நிரந்தர இடம் இல்லாவிட்டால், ஒரே இடத்தில் சாதாரணமாகப் பதினான்கு நாளுக்கு மேல் நிற்கக்கூடாது என்று 1995-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. ஆகவே ஆபீஸ் பக்கத்திலேயே இருக்கும் என்று நம்பி வாங்கும் வீடு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகர்ந்துகொண்டே இருக்கும்.

இதையெல்லாம் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொள்ள முடியாததைச் சொல்வதுதான் இரண்டாவது புத்தகம்: பெனலோப்பி ஃபிட்ஸ்ஜெரால்டின் 'ஆஃப்ஷோர்'. 1979-ல் நைபாலின் நாவலும் போட்டியில் இருந்தபோது புக்கர் பரிசை வாங்கிக்கொண்டு போன நாவல். மொத்தமே 132 பக்கம். அந்தப் பரிசு பெற்றவற்றில் இதுதான் மிகச் சிறியது.

இந்த அம்மாள் படகுக்குப் போனது ஆசையால் அல்ல. மூன்று குழந்தைகள், கடன், குடிப்பழக்கத்துக்கு ஆளான கணவர். 1962-ல் அவருக்கு வக்கீல் தொழிலும் போயிற்று. லண்டனில் அவர்களுக்குக் கட்டுப்படியான கூரை, தேம்ஸ் நதியில் நின்ற 'கிரேஸ்' என்ற பழைய சரக்குப் படகுதான். 1963-ல் அது மூழ்கியது. சாமான், புத்தகம், காகிதம் எல்லாம் அதோடு போயின. வீடில்லாதவர்களுக்கான விடுதியில் கொஞ்ச காலம், பிறகு அரசாங்கக் குடியிருப்பு. ஸ்கூல் டீச்சர் வேலை பார்த்துக்கொண்டே இருந்து, முதல் புத்தகத்தை வெளியிடும்போது அவருக்கு வயது 58. படகு மூழ்கிப் பதினாறு வருஷம் கழித்து அதை நாவலாக எழுதி, அந்தப் படகுக்கே சமர்ப்பணமும் செய்தார். நாவலில் கோபம் இல்லை, புலம்பல் இல்லை. நிறைய சிரிப்பு இருக்கிறது. அதுதான் ஆச்சரியம்.

லண்டனுக்குள் தேம்ஸ் நதி கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். தண்ணீர் இறங்கினால் படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிடும். ஏறினால் முனகிக்கொண்டே மிதக்கும். கழிப்பறையைக்கூடத் தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்துத்தான் உபயோகிக்க முடியும்! இந்தப் படகுகளில் குடியிருப்பவர்கள் எல்லாரும் வாழ்க்கையில் பாதி வழியில் நின்றவர்கள். நென்னா என்ற பெண், கணவன் வெளிநாட்டில் இருந்தபோது மிச்சமிருந்த பணத்தில் படகை வாங்கிவிட்டாள். திரும்பி வந்த கணவன் படகில் வாழ முடியாது என்று ஊரின் இன்னொரு மூலையில் ரூம் எடுத்துத் தங்குகிறான். அவளுடைய இரண்டு பெண்களும் ஸ்கூலுக்கு ஒழுங்காகப் போவதில்லை. சேற்றில் புதைந்த பழைய ஓடுகளைத் தோண்டி விற்று கிளிஃப் ரிச்சர்ட் ரெக்கார்டு வாங்குகிறார்கள்.

ஒருவரையொருவர் படகின் பெயராலேயே அழைப்பது அங்கே வழக்கம். மாரிஸ் என்ற இளைஞன் வாங்கிய படகுக்கு வாயில் நுழையாத டச்சுப் பெயர். அதனால் அவன் செய்த முதல் காரியம், படகுக்குத் தன் பெயரையே வைத்ததுதான். இதை ஆசிரியை போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நாம்தான் நிற்கிறோம். தான் இருக்கும் வீட்டின் பெயராலேயே உலகம் தன்னை அழைக்கும் என்று தெரிந்த மனிதன் வேறு என்னதான் செய்வான்?

அக்கா மகனுக்காக நான் மனதில் வைத்திருந்த ஆள் வில்லிஸ். கப்பல் படம் வரையும் வயதான ஓவியர். கையில் காசில்லை, 'ட்ரெட்நாட்' என்ற தன் படகை விற்றாக வேண்டும். படகு ஒழுகுகிறது. அக்கம்பக்கத்தாரிடம் அவர் கேட்பது ஒரே உதவி: வாங்க வருகிறவர்களிடம் ஒழுகலைப் பற்றி மூச்சு விடாதீர்கள். கிழவர் நல்லவர். எல்லாருக்கும் பிரியமானவர். ரிச்சர்ட் என்ற நேர்மையான முன்னாள் கடற்படைக்காரருக்கு மட்டும் இது உறுத்துகிறது. ஆனால் இந்த நல்ல மனுஷனை எப்படிக் காட்டிக்கொடுப்பது? விலை கிட்டத்தட்ட படிகிற சமயத்தில் ட்ரெட்நாட் மூழ்கிவிடுகிறது.

மலிவான பழைய படகைப் பற்றி இதைவிட உண்மையாக யாரும் எழுதியதில்லை என்று நினைக்கிறேன். விற்கிறவன் அயோக்கியன் என்றால் நாம் சுதாரித்துக்கொள்வோம். ஃபிட்ஸ்ஜெரால்டின் உலகில் விற்கிறவனும் வாங்குகிறவனைப் போலவே போக்கிடம் இல்லாதவன். படகு மலிவாகக் கிடைக்கிறதென்றால், அதில் யாரோ ஒருவருடைய கஷ்டம் கொஞ்சம் தள்ளுபடியாகியிருக்கிறது. வாங்குகிறவன் அந்தக் கஷ்டத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறான்.

நாவலில் குறையே இல்லையா? உண்டு. மாரிஸின் படகில் திருட்டுச் சாமான்களைப் பதுக்கும் ஹாரி என்ற ஆள் வேறு ஏதோ கதையிலிருந்து வழிதவறி வந்தவன் மாதிரி இருக்கிறான். கடைசிப் பக்கங்களில் புயல் வேறு கொஞ்சம் அவசரமாக வந்து சேருகிறது. என்ன ஆகிறது என்று சொல்லமாட்டேன். படிப்பவர்கள் அடிக்க வருவார்கள்.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பிற மொழிகளில் இந்தத் தலைப்பைக் 'கரையிலிருந்து வெகுதூரத்தில்' என்கிற அர்த்தத்தில் மொழிபெயர்த்துவிட்டார்கள் என்று ஆசிரியையே வருத்தப்பட்டிருக்கிறார். அவர் சொல்ல வந்தது நேர் எதிர். படகுகள் கரையோடு கட்டப்பட்டிருக்கின்றன. எட்டி வைத்தால் தரை. ஆனாலும் அவர்கள் தரையைச் சேர்ந்தவர்கள் இல்லை. தமிழில் இதை எப்படிச் சொல்வது என்று ரொம்ப நாள் யோசித்தேன். கரையோரம் என்றால் தப்பு, கரைக்கு அப்பால் என்றாலும் தப்பு. கடைசியில் நம் பாட்டிமார் கைகொடுத்தார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். தேம்ஸ் நதிக்கு இதைவிடக் கச்சிதமாக எந்தப் பழமொழியும் பொருந்தாது.

பதினைந்து நாள் கழித்துப் பையன் மறுபடி போன் செய்தான். ரோல்ட்டை இன்னும் முடிக்கவில்லையாம். ஃபிட்ஸ்ஜெரால்டை மட்டும் ரயிலில் போகவர இரண்டே நாளில் படித்துவிட்டான்.

"வாங்கினியாடா?"

"தண்ணியிலேர்ந்து வெளியில தூக்கிக் காட்டுங்க, சர்வேயரைக் கூட்டிட்டு வரேன்னு சொன்னேன் மாமா. அதுக்கப்புறம் அந்தப் பெரியவர் போனையே எடுக்க மாட்டேங்கறார்."

தப்பித்தாய் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் கேட்டான்: "அவருக்கு இப்ப எங்க மாமா போக இடம் இருக்கும்?"

புத்தகத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறான்.