இந்தியத் திரைப்படத்திற் பெண்: தியாகமும் தீர்மானமும்

1913 ஆம் ஆண்டில் தாதாசாகேப் பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’ என்னும் படத்தை ஆக்கியபோது, தமிழர் சந்திரமதி என அறிந்த தாராமதியின் பாகத்தை ஏற்க எப்பெண்ணும் முன்வரவில்லை. உணவுச்சாலையொன்றில் வேலைசெய்த அண்ணா சாளுங்கே என்னும் ஆடவரே அதனை நடித்தார். 1917 இல் வெளிவந்த ‘லங்கா தகனம்’ என்னும் படத்தில் இராமனும் அவரே; சீதையும் அவரே. இதற்கிடையிற் பால்கேயின் ‘மோகினி பஸ்மாசுர்’ படத்தில் துர்க்காபாய் காமத்தும் அவர்தம் மகள் கமலாபாயும் தோன்றி, பெண்ணின் பாகத்தைப் பெண்ணே ஏற்றற்கு வழிவகுத்தனர். எனினும், திரையிற் பெண்ணுருவம் தோன்றுதல் வேறு. கதையின் போக்கை அவளுடைய தீர்மானம் நிருணயித்தல் வேறு. இந்தியத் திரைப்படத்திற் பெண் பெற்ற மாற்றத்தை அளத்தற்கு இவ்விரண்டாவதே தக்க அளவுகோலாகும்.

இவ்வாறு நோக்குமிடத்து, வி. சாந்தாராம் 1937 இல் மராத்தியிற் ‘குங்கு’ எனவும் இந்தியில் ‘துனியா ந மானே’ எனவும் ஆக்கிய படம் முதற்கண் குறிப்பிடத்தக்கது. வஞ்சனையால் முதியவரொருவருக்கு மணஞ்செய்விக்கப்பட்ட இளம்பெண், அவரைக் கணவராக ஏற்க மறுக்கிறாள். சாந்தா ஆப்தே நடித்த அப்பாத்திரத்தின் மறுப்பு அக்காலத்திற் பெருந்துணிவே. ஆயினும், தவற்றை உணர்ந்த முதியவர் தம்முயிரை மாய்த்துக்கொண்ட பின்னரே அவளுக்கு விடுதலை கிட்டுகின்றது. பூட்டின் திறப்பு இன்னும் ஆடவன் கையிலேயே உள்ளது.

1957 இல் வெளிவந்த மெகபூப் கானின் ‘மதர் இந்தியா’, அவரே 1940 இல் ஆக்கிய ‘ஔரத்’ என்னும் படத்தின் மறுவடிவம். ‘ஔரத்’ என்றாற் பெண். புதிய பெயரோ அவளை நாட்டின் தாயாகவே உயர்த்தியது. நர்கிஸ் நடித்த ராதா, ஊர்ப்பெண்ணொருத்தியைக் கவர்ந்து செல்லும் தன் மகனையே சுட்டு வீழ்த்துகிறாள். தீர்மானம் அவளுடையதே, அது காப்பதோ ஊரின் மானத்தை. பீடத்தில் ஏற்றப்பட்டவளுக்குத் தனக்கென ஒரு விருப்பம் கொள்ளும் உரிமை இல்லாதொழிகின்றது.

அப்பீடத்தின் அடியில் நசுங்கியவளை ரித்விக் கட்டக் 1960 இல் ‘மேகே டாக்கா தாரா’ என்னும் வங்காளப் படத்திற் காட்டினார். பிரிவினையாற் கிழக்கு வங்காளத்தை விட்டுக் கல்கத்தாவின் புறத்தே குடியேறிய அகதிக் குடும்பமொன்றை நீதா என்னும் மகள் உழைத்துக் காக்கிறாள். அவளாற் பிறர் உயர்கின்றனர். அவள் காதலனும் தங்கைக்குக் கணவனாகின்றான். சயரோகமுற்றுச் சில்லோங் மலையிலுள்ள வைத்தியசாலையில் இருக்கும்போது, தான் வாழவே விரும்பியதாகத் தமையனிடம் அவள் கதறுகிறாள். தியாகம் எனப் போற்றப்படுவது பலவேளைகளிற் பிறர் செய்யும் சுரண்டலுக்கு இட்ட அழகிய பெயரே என்பதை அவ்வோலம் உணர்த்துகின்றது. கே. பாலச்சந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) தமிழில் இந்நிலையையே காட்டியது. அதன் நாயகி கவிதா கடுஞ்சொற் பேசுபவள். எனினும், கைகூடிய மணவாழ்வைத் தங்கைக்கு ஈந்து, மீண்டும் வேலைக்கே புறப்படுகிறாள்.

சத்தியஜித் ரேயின் ‘மகாநகர்’ (1963) வேறொரு வழியைத் திறந்தது. வீடுவீடாகச் சென்று பின்னல் இயந்திரம் விற்கும் ஆரதி, கணவன் தொழிலிழந்த பின் குடும்பத்தைத் தாங்குகிறாள். உடன் வேலைசெய்யும் ஆங்கிலோ இந்தியப் பெண் அநியாயமாக நீக்கப்பட்டபோது, வரப்போகும் வறுமையை அறிந்தும் தன் உத்தியோகத்தைத் துறக்கிறாள். எவரும் அவளை ஏவவில்லை. மாதவி முகர்ஜியின் அடக்கமான நடிப்பு இச்செயலுக்கு வீரவேடம் புனையாமை பாராட்டற்குரியது.

2021 இல் ஜியோ பேபி நெறிப்படுத்திய மலையாளப் படமான ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ இவ்வழியில் மேலும் செல்கின்றது. பெயரே சூட்டப்படாத நாயகி, ஓயாத சமையலறைப் பணியையும் கணவன் வீட்டையும் துறந்து, நடனம் பயிற்றுபவளாகின்றாள். ஆனால், கணவன் மறுமணஞ்செய்த பெண் அதே பணியை ஏற்கும் காட்சியும் படத்தின் இறுதியில் உண்டு. நெறியாளரின் நேர்மை இங்கே விளங்குகின்றது. ஒருத்தியின் தீர்மானம் அவள் வாழ்வை மாற்றும். வீட்டின் வழக்கத்தை மாற்றுதற்கு வீட்டிலுள்ளோர் யாவரும் தீர்மானித்தல் வேண்டும். அத்தகைய வீட்டைக் காட்டும் பொறுப்பு இனிவரும் கலைஞரைச் சார்ந்தது.