அந்த வானொலி யாரிடம் பேசுகிறது?

மனித உரிமை பற்றிய வானொலி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் போரடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல நோக்கம் கொண்ட ஒருவர், நல்ல நோக்கம் கொண்ட இன்னொருவரைப் பேட்டி எடுப்பார். இருவரும் மாறி மாறித் தலையாட்டிக்கொண்டே ஒரு மணி நேரத்தைக் கடத்திவிடுவார்கள். தலையாட்டுவது வானொலியில்கூட நமக்குக் கேட்கும். இவ்வளவு அலுப்பு இருந்தும் நான் திரும்பத் திரும்பப் போய்க் கேட்கிற இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பசிபிக்கா வானொலி. அதிலும், டிலி படுகொலைக்குப் பிறகு ஏமி குட்மனும் ஆலன் நேர்னும் சேர்ந்து தயாரித்த ‘மாஸகர்: த ஸ்டோரி ஆஃப் ஈஸ்ட் திமோர்’ என்ற ஒலி ஆவணம்.

பசிபிக்காவைத் தொடங்கிய லூயிஸ் ஹில், இரண்டாம் உலகப் போரில் மனசாட்சியின் பேரால் ஆயுதம் ஏந்த மறுத்தவர். 1946இல் அறக்கட்டளை, 1949 ஏப்ரல் 15இல் பெர்க்லியில் கேபிஎஃப்ஏ நிலையம். விளம்பரம் கிடையாது, கேட்பவர்தான் காசு கொடுக்கணும். கேட்கக்கூடியவர்களில் நூற்றுக்கு 2 பேர் சந்தா கட்டினால் போதும், நிலையம் ஓடும் என்பது ஹில்லின் கணக்கு. பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு இந்த வானொலியில் முதலில் பிடித்தது இந்த 2 விழுக்காடுதான். ஆனா கணக்கு அடிக்கடி உதைத்தது. பண்பலைப் பெட்டி வைத்திருந்தவர்களே அப்போது குறைவு. 1950இல் பணம் தீர்ந்து ஒலிபரப்பு நின்றது. கேட்டவர்களே பணம் திரட்டி 1951இல் மறுபடி திறந்தார்கள். கடன் தொல்லை இன்றுவரை அந்த அமைப்பை விட்டபாடில்லை.

இதில் பணத்தைவிடப் பெரிய ஆபத்துகளும் இருந்தன. ஹூஸ்டனில் 1970 மார்ச்சில் தொடங்கிய கேபிஎஃப்டி நிலையத்தின் ஒலிபரப்புக் கருவியை கூ க்ளக்ஸ் கிளான் ஆட்கள் அதே ஆண்டில் இரண்டு முறை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பாட்டும் பேச்சும் ஒலிபரப்பிய ஒரு நிலையத்துக்கு டைனமைட். வானொலியை யார் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது சில நேரம் எதிரியிடமிருந்துதான் தெரியவரும்.

டிலிக்கு வருவோம். 1991 நவம்பர் 12. இந்தோனேசியப் படைகள் மோத்தாயெல் தேவாலயத்தில் கொன்ற செபஸ்தியாவோ கோமஸ் என்ற இளைஞனின் நினைவாக ஊர்வலம் ஒன்று சாந்தா குரூஸ் கல்லறைக்குப் போனது. குட்மனும் நேர்னும் கூடவே நடந்தார்கள். படைவீரர்கள் எம்-16 துப்பாக்கிகளோடு அணிவகுத்து வந்தபோது இருவரும் கூட்டத்துக்கும் படைக்கும் நடுவே போய் நின்றார்கள். வெளிநாட்டு நிருபர்களைப் பார்த்தால் சுடமாட்டார்கள் என்ற நம்பிக்கை. குட்மன் மைக்கை எல்லாருக்கும் தெரிகிறபடி உயர்த்திப் பிடித்தார். சுட்டார்கள். 250 பேருக்கு மேல் இறந்தார்கள். துப்பாக்கிக் கட்டையால் அடித்ததில் நேர்னின் மண்டையோடு உடைந்தது. நாங்கள் அமெரிக்கர்கள் என்று கத்தியதால்தான் உயிர் தப்பினார்கள். அந்த எம்-16களும் அமெரிக்காவிலிருந்து வந்தவைதான்.

ஆவணத்தின் பலம் இந்த ஒரு முடிச்சில் இருக்கிறது. செய்தி வாசிப்பவரே சாட்சி. குட்மனின் குரலில் ஏற்ற இறக்கம் குறைவு, உருக்கம் காட்டுவதில்லை. அமெரிக்காவின் பங்கை மட்டும் விடாமல் துரத்துகிறது. 1975 டிசம்பரில் படையெடுப்புக்கு முந்தைய நாள் ஃபோர்டும் கிஸிஞ்சரும் ஜக்கார்த்தாவில் இருந்தார்கள் என்ற செய்தியை ஒரு அமெரிக்கர் தன் சமையலறையில் நின்று கேட்கும்போது, அது தூரத்து நாட்டுச் செய்தியாக இருக்காது. உன் வரிப்பணம், உன் ஆயுதம். படுகொலைக்குப் பிறகு அங்கே திமோருக்காக இயக்கம் உருவானதும், 1992இல் அமெரிக்க காங்கிரஸ் இந்தோனேசியாவுக்கான ராணுவப் பயிற்சி உதவியை வெட்டியதும் இந்த மாதிரிச் சாட்சியம் இல்லாமல் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

எனக்கு நெருடுவதும் அதே முடிச்சுதான். பேசுவது அமெரிக்கரிடம் என்பதால் கதையின் நடுவில் அமெரிக்கர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். மாக்ஸ் ஸ்டால் அன்று அதே கல்லறையில் எடுத்து, அங்கேயே புதைத்து வைத்து, பிறகு நாட்டைவிட்டு வெளியே கடத்தப்பட்ட படச்சுருளை இதோடு ஒப்பிடலாம். திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். துப்பாக்கிச் சத்தத்துக்கு ஊடே பிரார்த்தனை கேட்கும். அதில் விளக்கம் சொல்ல யாருமில்லை. திமோர்காரர்கள் தங்களுக்குள், தங்கள் கடவுளிடம் பேசிக்கொள்கிறார்கள். வானொலிக்காரர்களின் ஆவணத்தைவிட அந்தப் படத்தின் ஒலி நல்ல வானொலி என்று எனக்குப் படுகிறது. குட்மனைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. அவர் செய்ததை நான் செய்திருப்பேனா என்றால், நிச்சயமாக ஓடியிருப்பேன்.

அன்று டிலியில் நம்மவர் ஒருவரும் இருந்தார். கமால் பமாதஜ். மலேசியத் தந்தைக்கும் நியூசிலாந்துத் தாய்க்கும் பிறந்தவர், சிட்னியில் படித்துக்கொண்டிருந்த 20 வயது மாணவர். கல்லறையிலிருந்து தனியாக நடந்து போனவரைச் சுட்டார்கள். செஞ்சிலுவை வண்டி அவரை ஏற்றிக்கொண்டது. வழியில் படையினர் வண்டியை மறித்து மறித்து நிறுத்த, ரத்தம் போயே இறந்தார். அவரிடம் இருந்ததும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுதான். ஆனா முகம் நம்ம ஊர் முகம். தாய் ஹெலன் டாட் பாஸ்டன் நீதிமன்றத்தில் இந்தோனேசிய ஜெனரல் சிந்தோங் பஞ்சாயித்தான் மீது வழக்குப் போட்டு 1994இல் வென்றார். 14 மில்லியன் டாலர் இழப்பீடு தீர்ப்பானது. பணம் வரவில்லை.

மலேசிய அரசு அந்த ஆண்டுகளில் ஜக்கார்த்தாவின் பக்கமே நின்றது. 1996 நவம்பரில் கோலாலம்பூரில் கிழக்குத் திமோர் பற்றி ஒரு மாநாடு கூடியபோது அம்னோ இளைஞர் பிரிவினர் ஹோட்டலுக்குள் புகுந்து அதைக் கலைத்தார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போனவர்களில் மாநாட்டுக்கு வந்தவர்களும் செய்தி சேகரிக்க வந்தவர்களும் இருந்தார்கள். ‘உன் வரிப்பணம்’ என்று குட்மன் அமெரிக்கரிடம் சொன்னதை நம்மிடம் சொல்ல இங்கே ஒரு வானொலி இருந்திருந்தால் இதை என் தலைமுறை தெரிந்துகொள்ள இணையத்தில் தோண்ட வேண்டியிருந்திருக்காது.

இங்கே அலைவரிசை அரசிடம் இருக்கும், இல்லையென்றால் பெரிய நிறுவனத்திடம் இருக்கும். பல்கலைக்கழக வானொலிகள் ஒன்றிரண்டு உண்டு, அவ்வளவுதான். 2007 நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. ஹிண்ட்ராஃப் பேரணி. எனக்குப் பத்து வயது. அப்பா காலையிலேயே வீட்டில் இல்லை. அம்மா வானொலியைப் போட்டுவிட்டுக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தமிழ் அலைவரிசையில் நான் கேட்டவரை பாட்டும் வாழ்த்தும்தான் ஓடின. கண்ணீர்ப்புகை பற்றிய செய்தி எங்கள் வீட்டுக்குக் குறுஞ்செய்தியில் வந்தது.

இப்போது வலையொலி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நண்பர்கள் சிலரே நடத்துகிறார்கள், நன்றாகவும் பேசுகிறார்கள். ஆனா எல்லாம் அறைக்குள். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் தடுப்புக்காவலில் இறந்த குகனை எடுத்துக்கொள்வோம். 2013இல் உயர் நீதிமன்றம் காவல்துறையும் அரசும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. வழக்கை நடத்தியவர் அவருடைய தாய். அதைப் பற்றி ஆவேசமான கலந்துரையாடல்கள் கேட்டிருக்கிறேன். அந்தப் பிரேதப் பரிசோதனை அறிக்கைகள் ஏன் ஒன்றுக்கொன்று முரண்பட்டன என்று நிதானமாக, தமிழில், ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்ன ஒலி ஆவணம் எதையும் நான் கேட்டதில்லை. மலாய் அரசாங்கத்தோடு பேசுகிற மொழி, ஆங்கிலம் நீதிமன்றத்தோடு பேசுகிற மொழி என்று விட்டுவிட்டோமோ என்னவோ. தமிழில் நாம் பேசுவது ஏற்கெனவே கோபமாக இருக்கிற நம்மவர்களிடம் மட்டும்தான்.

மைக் என்னிடமும் ஒன்று இருக்கிறது, 180 ரிங்கிட். வேலை முடிந்து வந்து அதன் முன்னால் உட்கார்ந்து பேச எனக்கும் வரும். நீதிமன்ற நடைபாதையில் ஒரு வேலைநாள் முழுக்க நின்று, அங்கே காத்திருக்கும் குடும்பங்கள் பேசுவதைப் பதிவு செய்யத்தான் ஆளில்லை. ஆண்டு விடுப்பில் 6 நாள் மிச்சம் இருக்கிறது.