பூதவாதியின் மது

மனிதப் பிரக்ஞையை விளக்கவல்லது விஞ்ஞானமா, மதமா என்று கேட்டால் நம்மிடையே உடனே இரண்டு கட்சிகள் பிறந்துவிடுகின்றன. எதிராளியை மறுப்பதில் காட்டும் கூர்மையை இரு கட்சியாரும் தம் நிலையைச் சோதிப்பதில் காட்டுவதில்லை. இது பழைய வியாதி. மணிமேகலையின் 27ஆம் காதையிலேயே இருக்கிறது. சமயங்களின் பட்டியல் என்று சொல்லி நம் தமிழாசிரியர்கள் தாண்டிப் போய்விடும் காதை அது. பட்டியலின் முடிவில் நடக்கும் சிறு வாக்குவாதம் யார் கண்ணிலும் படுவதில்லை.

வஞ்சி நகரில் ஆண் துறவியின் வேடத்தில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகக் கேட்டுக்கொண்டு வருகிறாள். கடைசி ஆள் பூதவாதி. பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் ஒன்றுசேர்ந்தால் மதுவின் களிப்பு பிறக்கிறது. அதேபோலப் பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது. அவை பிரிந்தால் பறையின் ஓசை அடங்குவதுபோல் உணர்வும் அடங்குகிறது. கண்கூடாகக் காண்பதே பிரமாணம், மறுபிறப்பு பொய் என்கிறான். இன்று மூளை நரம்புகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைவிடச் சுருக்கமாகத் தங்கள் கட்சியைச் சொல்லிவிட முடியாது.

மறுத்துப் பேசப்போவதில்லை என்று சொன்ன மணிமேகலை, முற்பிறப்பை அறிந்தவர்களும் உண்டே என்ற பொருளில் சிரிக்கிறாள். அவள் தன் முற்பிறப்பை அறிந்தவள். பூதவாதி அசரவில்லை. தெய்வ ஆவேசத்திலும் கனவிலும் மயக்கத்திலும் மனம் வேறுபடும். அதை நம்ப முடியாது என்கிறான். சரியான அடி. மறுபிறப்பின் நினைவு என்பதும் ஒரு நினைவுதான். பிரக்ஞைக்குள் நிகழும் ஒன்றைக் காட்டிப் பிரக்ஞையின் மூலத்தை நிரூபிக்க முடியாது. உடனே அவள் வேறு பக்கமாகத் திரும்பி, உன் தாய் தந்தையர் யார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். இதுவும் சரியான அடி. ஆனால் விழுந்த இடம் அவனுடைய பிரமாணக் கொள்கை. மது உவமையை அது தொடவே இல்லை.

உவமையில்தான் எல்லாம் இருக்கிறது. களிப்பு எங்கே பிறக்கிறது? பானைக்குள் அல்ல, குடித்தவனிடம். மயக்கும் சக்தி பானையிலேயே இருக்கிறதே என்று பூதவாதிக்காக ஒருவர் வாதாடலாம். இருக்கட்டும். அதை மயக்கும் சக்தி என்று அழைப்பதற்கு மயங்குகிறவன் ஒருவன் வேண்டும். அவன் இல்லையென்றால் பானையில் இருப்பது புளித்த நீர். பறைக்கும் இதே கதி. ஓசை அடங்கியது என்று சொல்லக் கேட்கிறவன் ஒருவன் வேண்டும். தோலும் காற்றும் அதிர்ந்து ஓய்ந்ததை அவை தாமாகச் சொல்லா. எதை விளக்கப் புறப்பட்டானோ அதை இரண்டு முறை உவமைக்குள் ஒளித்து வைத்துவிட்டுத்தான் பூதவாதி அதை நமக்கு விளக்குகிறான்.

இந்த இடத்திலிருந்து விஞ்ஞானம் வெகுதூரம் போய்விட்டதா? 1998இல் நரம்பியல்காரர் கிறிஸ்டாஃப் காக், தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் ஒரு பந்தயம் கட்டினார். 25 ஆண்டுகளுக்குள் பிரக்ஞையின் நரம்பு அடையாளம் மூளையில் தெளிவாகக் கண்டுபிடிக்கப்பட்டுவிடும் என்பது பந்தயம். 2023இல் நியூயார்க்கில் மேடையேறித் தோல்வியை ஒப்புக்கொண்டார். பந்தயப் பொருள் மது என்பது தற்செயல்தான், பூதவாதி சிரித்திருப்பான். அதே ஆண்டில் பிரக்ஞை பற்றிய பிரபல கோட்பாடு ஒன்றைப் போலி விஞ்ஞானம் என்று 124 பேர் கையெழுத்திட்டு அறிவித்தார்கள். ஒரு துறை இன்னும் குழந்தைப் பருவத்தில் இருப்பது பிழையல்ல. ஆனால் அது மடங்களைப் போலப் புறச்சமயிகளைப் பிரஷ்டம் செய்யத் தொடங்கிவிட்டது. அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மதத்தின் பக்கம் நிலைமை மேலா? மணிமேகலை கடைசியில் ஏற்கும் பௌத்தத்தில் ஆன்மா என்ற பெயரே கிடையாது. 30ஆம் காதையின் பன்னிரு சார்புகளில் உணர்வு மூன்றாவது. பேதைமையைச் சார்ந்து செய்கை, செய்கையைச் சார்ந்து உணர்வு. எது இருந்தால் உணர்வு இருக்கும் என்று இது சொல்கிறது. உணர்வு என்றால் என்ன என்று சொல்லவில்லை. சொல்ல முனையவும் இல்லை. துக்கம் அறுபட வேண்டும் என்பதே அதன் காரியம். ஆன்மாவைச் சொல்லும் மதங்களோ கணக்கில் சேராத தொகைக்கு ஒரு பெயர் கொடுத்து வரவு வைத்துவிடுகின்றன. பாங்கியில் ஈடுகாணாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போடுவோம். அங்கே அது கிடப்பது அவமானமல்ல. தீர்ந்துவிட்டதாகக் காட்டிப் பக்கத்தை மூடுவதுதான் குற்றம். மூடுவதில் இரு தரப்பும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை.

இப்படி மூடிய பக்கங்களுக்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. ஆன்மா மனிதனுக்கே உரியது என்ற நம்பிக்கையிலிருந்து மிருகங்கள் வெறும் யந்திரங்கள் என்ற முடிவுக்குப் பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியர் சிலர் வந்து சேர்ந்தார்கள். 1980களின் நடுப்பகுதி வரை, பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்ற எண்ணத்தில், மேலைநாட்டு ஆஸ்பத்திரிகளில் போதிய மயக்கமருந்து இல்லாமலே சிசுக்களுக்கு அறுவைசிகிச்சை நடந்திருக்கிறது. அங்கே முடிவு சொன்னது மதம் அல்ல.

எனவே விளக்கம் யாரிடம் இருக்கிறது என்பதைவிட, யாருக்குப் பிரக்ஞை இல்லை என்று சொல்ல எவருக்கு உரிமை என்ற கேள்வி அவசரமானது. மணிமேகலையின் பதில் அவள் நினைத்ததைவிடப் பயனுள்ளதாகிறது இங்கேதான். அடுத்தவனின் பிரக்ஞையை யாரும் கண்கூடாகக் கண்டதில்லை; எப்போதும் அனுமானம்தான். 2006இல் ஏட்ரியன் ஓவனும் சகாக்களும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். சாலை விபத்துக்குப் பின் எதற்கும் அசையாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய் என்றார்கள். ஆரோக்கியமானவர்களின் மூளை எப்படி இயங்குமோ அப்படியே அவள் மூளையும் இயங்கியது. 2024இல் வெளியான ஆய்வொன்றில், கட்டளைக்கு வெளிப்படையாக எதுவும் செய்யாத 241 நோயாளிகளில் 60 பேரிடம் இத்தகைய பதில் மூளைக்குள் கிடைத்தது. அது பிரக்ஞைதானா என்று இன்னும் ஐயப்படுகிறவர்கள் உண்டு. ஐயம் நியாயமே. ஆனால் ஐயத்தின் பலன் யாருக்குப் போக வேண்டும்?

பிரக்ஞை என்றால் என்ன என்பதை இந்தப் பரிசோதனைகள் சொல்லவில்லை. படுக்கையில் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லுகின்றன. விஞ்ஞானம் இதுவரை இவ்விஷயத்தில் செய்ததில் பெரிய காரியம் இதுதான். அதையும் அது விளக்கத்தால் அல்ல, அனுமானத்தால் சாதித்தது. அந்த 60 பேரின் படுக்கையருகே நின்று பேசும்போது, அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தே பேச வேண்டும். அதற்குப் பூதவாதியோ மணிமேகலையோ வாதத்தில் ஜெயித்து முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.