டிரம்ஸை விடுங்கள், முதலில் சிம்பலை மாற்றுங்கள்

டிரம்ஸ் வாசிக்கிறவர்களுக்குக் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் மனசு முதலில் போவது புது ஸ்நேரின் மேல், இல்லையென்றால் டபுள் பெடலின் மேல். சிம்பல் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும். வாசிப்பில் ஏற்ற இறக்கம் வேண்டும் என்கிறவர் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. டிரம்மை எவ்வளவு மெதுவாகத் தட்டினாலும் தோல் ஏதாவது ஒரு பதில் சொல்லும். தடித்த சிம்பல் சொல்லாது.

இதுவரை நான் வாசித்தது துவக்கநிலைப் பித்தளை செட். தாமிரமும் துத்தநாகமும் கலந்த தகட்டில் செய்தது. அந்த ரைடில் ஸ்டிக் நுனியை மெதுவாக வைத்தால் ‘டங்’ என்று ஒரு தட்டொலி, அவ்வளவுதான். கொஞ்சம் கூட்டினாலும் அதேதான். இன்னும் கூட்டினால் திடீரென்று பெரும் இரைச்சல். நடுவில் படிகளே கிடையாது. சரணத்தில் பாடகி குரலைத் தாழ்த்தும்போது ரைடை அப்படியே விட்டுவிட்டு, ஹை-ஹாட்டை இறுக்கி மூடி ஒப்பேற்ற வேண்டியிருந்தது. மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கும் பலருக்கும் இது பழகிப்போன சங்கடம்.

மாற்றியது மூன்று: ஜில்ஜியான் கே வரிசையில் 22 அங்குல லைட் ரைட், 18 அங்குல டார்க் தின் கிராஷ், 15 அங்குல லைட் ஹை-ஹாட். டிரம், பெடல், ஸ்டாண்டு எல்லாம் பழையவை. வாசித்துப் பார்த்தது அசோக் நகரில், நூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில் உள்ள சின்னப் பயிற்சி அறையில். இந்த வட்டாரத்துக்கும் இசைக்கும் உள்ள உறவு பழையது. லஷ்மண் ஸ்ருதி இசைக்கருவிக் கடை இங்கேதான் இருக்கிறது, வடபழனி ஏவி.எம்., இளையராஜா பல்லாண்டு காலம் இசை சேர்த்த சாலிகிராமம் பிரசாத் ஸ்டுடியோ எல்லாம் பக்கத்தில்தான்.

ரைடிலிருந்து தொடங்குகிறேன், வித்தியாசம் அதிகம் தெரிந்தது அதில்தான். ஸ்டிக்கை விரலால் மட்டும் பிடித்து, மணிக்கும் விளிம்புக்கும் நடுவில் தட்டினால் ‘டிங்’ என்று ஒரு தெளிவான புள்ளி விழுகிறது. அதற்கு அடியில் மெல்லிய ரீங்காரம் ஒன்று பரவுகிறது. நான்கைந்து தட்டில் அது மெதுவாக ஏறுகிறது. கையைத் தளர்த்தினால் கூடவே இறங்குகிறது. ஸ்டிக்கின் தோள்பட்டையால் விளிம்பைத் தொட்டால் இதுவே கிராஷாகவும் திறக்கிறது. ஒரே தகட்டில் இத்தனை படிகள்! ஒரு சிக்ஸ்-எய்ட் தாளத்தை முணுமுணுப்பாகத் தொடங்கிப் பல்லவி திரும்பும் இடத்தில் முழுக்கத் திறந்தேன். எந்த இடத்திலும் சத்தம் தடுக்கி விழவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். ஸ்நேரில் இடது கை வாசிக்கும் மிகச் சின்னத் தட்டுகள் பழைய ரைடின் இரைச்சலில் மூழ்கிப்போகும். இப்போது அவை ஒவ்வொன்றும் தனியாகக் காதில் விழுகின்றன.

கிராஷ் சீக்கிரம் திறந்து சீக்கிரம் அடங்குகிறது. அடித்த அடி அடுத்த வரியின் மேல் போய் உட்காருவதில்லை. பாடகருக்கு இது பெரிய நிம்மதி. ஹை-ஹாட் பழைய 14 அங்குலத்தைவிடப் பெரியது, ஆனாலும் மென்மையானது. பாதியளவு திறந்து வாசிக்கும்போது கரகரப்பு இல்லை. காலால் மூடும் ‘சிக்’ ஒலி மட்டும் நான் எதிர்பார்த்த அளவு கூர்மையாக இல்லை. கால் தாளத்தையே நம்பி வாசிக்கிறவர்கள் இதைக் கடையிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் காரணம் இரண்டு. முதலாவது கனம். மெல்லிய தகடு குறைந்த விசையிலேயே முழுதாக அதிரும், சுருதியும் தாழ்ந்திருக்கும். தடித்த தகட்டை எழுப்பவே பலமாக அடிக்க வேண்டும். இரண்டாவது உலோகம். இந்த வரிசை 80 பங்கு தாமிரமும் 20 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம். அவ்வளவு வெள்ளீயம் கலந்தால், ஆறிய நிலையில் அடிக்கும்போது வெண்கலம் நொறுங்கும். வார்த்து, பழுக்கக் காய்ச்சி, சூட்டிலேயே உருட்டி, பிறகு சட்டென்று குளிர்வித்து வேலை செய்ய வேண்டும். ஜில்ஜியான் குடும்பம் 1623 முதல் இஸ்தான்புல்லில் செய்துவந்ததும், 1929-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனதும் இந்தக் கைவேலையைத்தான். வெள்ளீயம் மிகுந்த வெண்கலம் நமக்கும் புதிதல்ல. ஆதிச்சநல்லூரில் கிடைத்த மெல்லிய கிண்ணங்கள் இதே இனம் என்பதை சாரதா சீனிவாசனின் உலோக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மெதுவாக வாசிப்பதை நம் ஊரில் பலர் பலவீனமாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. பாலக்காடு மணி ஐயர் மைக் வேண்டாம் என்று சொல்லி வாசித்தவர். மிருதங்கத்தின் மிகச் சன்னமான சொல்லும் சபையின் கடைசி வரிசைக்குத் தானாகப் போய்ச் சேர வேண்டும் என்ற பிடிவாதம் அது. டிரம்ஸ் வாசிக்கும் இளைஞர்களுக்கு அந்தப் பிடிவாதம் வர, சன்னமாக அடித்தாலும் பதில் சொல்லும் கருவி கையில் இருக்க வேண்டும். சிம்பல் மாற்றிய பிறகு என் தோள் தானாகவே கீழே இறங்கிவிட்டது. கனமான 5பி ஸ்டிக்கை வைத்துவிட்டு மெல்லிய 7ஏ-வை எடுத்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, சிம்பலே கேட்டு வாங்கியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். திறந்தவெளி மேடையில், குத்துப் பாட்டுக்கு, தவில், பறையோடு சேர்ந்து வாசிப்பவருக்கு இவை சரிப்படாது. சத்தம் கூட்டத்தைத் துளைத்துப் போகாது. மெல்லிய கிராஷை நேர்குத்தாக ஓங்கி அடித்தால் விளிம்பில் கீறல் விழும். சற்றுச் சாய்த்து, உரசிச் செல்லும்படி அடிக்க வேண்டும். ஸ்டாண்டின் திருகையும் இறுக்கக் கூடாது, சிம்பல் ஆட இடம் வேண்டும். விலை இன்னொரு தடை: இந்த ரைட் ஒன்றின் விலையில் துவக்கநிலை செட்டுகள் பல வாங்கலாம். சென்னை ஈரக்காற்றில் விரல் ரேகை பட்ட இடமெல்லாம் கறுக்கும். கச்சேரி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து உறையில் போடுங்கள். வீட்டு வெண்கலத்துக்குச் செய்வதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். முத்திரை எழுத்தும் போகும், தொனியும் மாறும்.

அடுக்குமாடி வீட்டில் வாசிக்க இவை போதிய அளவு அடங்கியவை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கென்றே துளைகள் போட்ட எல்80 சிம்பல்களை ஜில்ஜியான் விற்கிறது. சத்தம் 80 சதவீதம்வரை குறையும் என்பது நிறுவனத்தின் கணக்கு. கைப்பயிற்சிக்கு அவை போதும். கிராஷ் எப்படித் திறக்கிறது என்பதைக் கற்க உதவாது.

சிறிய அரங்கு, தேவாலயம், ஒலிப்பதிவு, மெல்லிசை என்று வாசிப்பவருக்கு இந்த மாற்றம் நிச்சயம் தகும். மூன்றையும் சேர்த்து வாங்க முடியாவிட்டால் ரைட் முதலில், ஹை-ஹாட் அடுத்து, கிராஷ் கடைசியில். கே வரிசைதான் வேண்டும் என்பதில்லை. சேபியன், மைனல், இஸ்தான்புல் அகோப் நிறுவனங்களிலும் மெல்லிய வெண்கல வகைகள் உண்டு. கடைக்கு உங்கள் சொந்த ஸ்டிக்கை எடுத்துப் போங்கள். ஒரே மாடலில் இரண்டு இருந்தால் இரண்டையும் கேளுங்கள், சுத்தியல் வேலையால் ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுபடும். ஓங்கி அடித்துப் பார்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களால் முடிந்த மிக மெல்லிய தட்டுக்கு எது முழுதாக ஒலிக்கிறதோ, அதை வாங்குங்கள்.