குதிகாலில் ஒரு சாளரம்

ஏர் ஜோர்டான் 3 ஷூவைக் கையில் எடுத்தால் என் கண் முதலில் போவது அதன் குதிகாலுக்குத்தான். அங்கே அடிப்பாகத்தைக் குடைந்து ஒரு சின்னச் சாளரம் வைத்திருக்கிறார்கள். தாவி இறங்கும் உடலின் பாரத்தை வாங்கிக்கொள்ளும் காற்றுப்பை அதன் வழியே தெரியும்.

இதை வடிவமைத்த டிங்கர் ஹாட்ஃபீல்ட் கட்டடக்கலை படித்தவர். நைக்கியில் கட்டடக் கலைஞராகத்தான் வேலைக்குச் சேர்ந்தார். குழாய்களை எல்லாம் வெளியே காட்டிக்கொண்டு நிற்கும் பாரிஸின் பாம்பிடூ மையம் அவரை ஆட்கொண்டது. 1987இல் ஏர் மேக்ஸ் ஷூவில் காற்றுப்பையை வெளியே தெரியவிட்டார். மறு ஆண்டு அதே சாளரம் கூடைப்பந்துக்கு வந்தது.

அது இக்கட்டான நேரம். முதல் ஜோர்டான் ஷூவை உருவாக்கிய பீட்டர் மூர் நிறுவனத்தை விட்டுப் போயிருந்தார். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானும் விலகும் யோசனையில் இருந்தார். ஹாட்ஃபீல்ட் அவரிடமே போய், என்ன வேண்டும் என்று கேட்டார். கணுக்காலை இறுக்கி மூடும் உயரம் வேண்டாம், ஆனால் பிடிப்பு குறையக் கூடாது என்றார் ஜோர்டான். எடையும் குறைய வேண்டும். இன்னொன்றுதான் எனக்குப் பிடித்தது: புது ஷூ காலைக் கடிக்கக் கூடாது, போட்ட அன்றே பழகியதுபோல இருக்க வேண்டும். அதற்காகத் தேர்ந்ததுதான் இயல்பாகவே சுருக்கம் விழுந்த அந்த மென்மையான தோல். அந்தச் சுருக்கங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்காமல் அப்படியே விட்டார்களே, அதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

முன்முனையிலும் குதிகாலைச் சுற்றியும் சாம்பல் நிறத்தில் வெடிப்பு வெடிப்பாக ஓடும் கோடுகளுக்கு ‘யானை அச்சு’ என்று பெயர். யானையை அருகில் நின்று தொட்டுப் பார்த்தவர்கள் அந்தக் கோடுகளை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஷூ முழுக்க அதையே பூசியிருந்தால் மாறுவேடம் போலாகியிருக்கும். விளிம்புகளோடு நிறுத்திக்கொண்டதால்தான் நடுவில் இருக்கும் வெள்ளைத் தோலுக்கு அத்தனை அமைதி. பக்கவாட்டில் நைக்கியின் டிக் குறியும் கிடையாது. நாக்கில் மட்டும், கால்களை விரித்துத் தாவும் ஜோர்டானின் நிழலுருவம். ஜோர்டான் ஷூக்களில் அந்தச் சின்னம் ஏறியது இதில்தான் முதல் முறை.

1988 பிப்ரவரியில், சிகாகோவில் நடந்த டங்க் போட்டியின் கடைசித் தாவலுக்கு ஜோர்டான் ஆடுகளத்தின் மறுகோடியிலிருந்து ஓடி வந்தார். பலகையிலிருந்து 15 அடி தள்ளியிருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டருகே எழும்பி, பந்தை வளையத்துக்குள் அறைந்தார். முழுதாக 50 புள்ளிகள். காலில் வெள்ளை ஜோர்டான் 3. அந்தத் தாவலின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் முகத்துக்கு முன்பே அந்தச் சாம்பல் கோடுகளைத்தான் தேடுகிறேன்.