ஓவியச் சிங்கமும் ஒளிப்படச் சிங்கமும்

2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் டிஸ்னி நிறுவனம் தனது 'லயன் கிங்' படத்தைப் புத்துருவில் வெளியிட்டது. 1994இல் கையால் வரைந்த ஓவியங்களைக் கொண்டு ஆக்கப்பெற்ற அதே கதை. பெரும்பாலும் அதே பாடல்கள். பல இடங்களில் காட்சியமைப்பும் அதுவே. மாறியது தோற்றம் ஒன்றுதான். முன்னதில் கோடும் வண்ணமுமாய் நின்ற சிங்கம், பின்னதில் ஆப்பிரிக்கப் புல்வெளியில் நேரே படம் பிடித்தாற்போல் பிடரி சிலிர்க்க உலவியது. படம் உலகெங்கும் 160 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ஆயினும் அதனைக் கண்டோர் ஒருமனப்படவில்லை. திறனாய்வாளர் பலர் அதில் உயிர் இல்லை என்றனர். அரங்கை நிரப்பிய மக்களுள் பெரும்பாலோர் மகிழ்ந்தே திரும்பினர். எனினும் அவர்களிலும் ஒரு சாரார், சிங்கம் சிரிக்கிறதா அழுகிறதா என்பதே விளங்கவில்லை என்று குறைப்பட்டனர்.

இக்குறைக்குப் பலரும் உடனே கண்ட காரணம் கணினி என்பது. அது பொருந்தாது. கையால் வரைந்ததெனப் போற்றப்படும் 1994ஆம் ஆண்டுப் படத்திலேயே, பள்ளத்தாக்கில் வில்டபீஸ்ட் என்னும் ஆப்பிரிக்க விலங்குகள் வெள்ளம்போல் பாய்ந்து வரும் காட்சி கணினியின் துணையால் ஆனதே. திரையில் சில நிமிடமே தோன்றும் அக்காட்சிக்கு இரண்டாண்டுக்கு மேல் உழைப்புச் சென்றது. அதனைக் கண்டு எவரும் உயிரில்லை என்று சொன்னதில்லை. ஆகவே பிழை கருவியில் இல்லை. கருவியை எதன்பொருட்டு ஏவினார்கள் என்பதிலேதான் இருத்தல் வேண்டும்.

புதிய படத்தை இயக்கிய ஜான் ஃபாவ்ரோவும் ஒளிப்பதிவாளர் காலப் டெஷனலும் மேற்கொண்ட முறை வியக்கத்தக்கது. கணினிக்குள் ஒரு காட்டை ஆக்கி, கண்ணில் ஒரு கருவியை அணிந்து அக்காட்டினுள் புகுந்து, உண்மைப் படப்பிடிப்பில் போலவே எங்கே நின்று படம் எடுப்பது என ஆராய்ந்து எடுத்தனர். ஏறத்தாழ 1,500 காட்சித் துண்டுகளைக் கொண்ட படத்தில் மெய்யாகவே ஆப்பிரிக்காவில் எடுக்கப்பட்டது ஒன்றே ஒன்று. தொடக்கத்தில் வரும் ஞாயிற்றின் எழுச்சி. எஞ்சியவற்றுள் எது மெய், எது பொய் என்று கண்ணால் பிரித்தறிய இயலாது. இப்படத்தை எவ்வினத்தில் சேர்ப்பது என்பதிலும் குழப்பம் நேர்ந்தது. கோல்டன் குளோப் பரிசுக்கு அது அசைவோவியப் பட வரிசையில் வைத்து எண்ணப்பட்டது. ஆஸ்கார் பரிசிலோ காட்சி நுட்பத்திற்கான வரிசையில் இடம்பெற்றது. பரிசளிப்போருக்கு நேர்ந்த அதே குழப்பம் இருட்டரங்கில் அமர்ந்திருந்தவனுக்கும் நேர்ந்தது. தான் காண்பது ஓவியமா, விலங்கியல் படமா என்று அவன் உள்ளம் ஐயுற்றது.

இவ்வையத்தை விளக்கத் தொல்காப்பியம் தரும் இரு சொற்கள் பெரிதும் உதவும். உலகில் நிகழ்வதை நிகழ்ந்தவாறே கூறுவது உலகியல் வழக்கு. அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் கிடக்கும் சுவையானவற்றை ஓரிடத்தே வந்தனபோல் தொகுத்துப் புனைந்து காட்டுவது நாடக வழக்கு. இரண்டும் கலந்து நடப்பதே புலவர் நெறி. நாடக வழக்கு என்பது ஏமாற்று அன்று. காட்டுவோனும் காண்போனும் தம்முள் செய்துகொள்ளும் உடன்பாடு. சிங்கம் பேசும், பாடும், அரசுக்காகச் சூழ்ச்சி செய்யும் என்பதை ஓவியத்தைக் கண்ட கணமே காண்போன் ஒப்புக்கொள்கிறான். ஏனெனில் ஓவியம் தன்னை மெய்யென்று சொல்லிக்கொள்வதில்லை. புதிய படமோ முதற்காட்சி முதலே ஒவ்வொரு மயிர்க்காலையும் காட்டி, இது மெய், இது மெய் என்று வற்புறுத்துகிறது. அவ்வாறு அந்த உடன்பாட்டைத் தானே முறித்துவிட்டு, அடுத்த நொடியில் சிங்கத்தின் வாயைத் திறந்து பாடச் செய்து, முறித்த உடன்பாட்டைத் திரும்பக் கேட்கிறது.

கிளந்தானில் வாயாங் கூலிட் என்னும் நிழற்பாவைக் கூத்தைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். அங்கே திரைமேல் அசைவது தோலில் வெட்டிய பாவை. அதன் முகத்தில் ஒரு தசையும் அசையாது. இராமனும் சீதையும் ஒரு விளக்கின் நிழலே ஆவர். ஆயினும் காண்போர் கண் கலங்குவதில் குறைவில்லை. பாவையின் வடிவமே உணர்ச்சியின் வடிவமாக வெட்டப்பட்டிருப்பதும், அது மனிதன் என்று எவரும் சாதிக்காததுமே அதற்குக் காரணம். ஆகவே முகம் அசையவில்லை என்று மக்கள் சொன்ன குறை, அவர்கள் பட்ட குறையின் பாதியே.

இரு படங்களையும் காட்சி காட்சியாக வைத்து நோக்கினால் இது தெளிவாகும். பழைய படத்தில் ஸ்கார் என்னும் வஞ்சகச் சிங்கத்தை வரைந்த குழுவுக்குத் தலைவர் ஆண்ட்ரியாஸ் டேஜா. குரல் கொடுத்த ஜெரமி அயர்ன்ஸ் பேசும்போது அவர் முகத்தில் தோன்றிய குறிப்புகளையெல்லாம் டேஜா சிங்கத்தின் முகத்தில் ஏற்றினார். ஒரு புருவம் உயரும், உதட்டோரம் சரியும், சோம்பல்போல் ஒரு கை மடங்கும். பேசும் முன்பே பொய் தெரிந்துவிடும். புதிய படத்தின் ஸ்கார் மெலிந்த, பிடரி உதிர்ந்த முதிய சிங்கம். சூவெட்டல் எஜியோஃபரின் குரலில் நஞ்சு உண்டு. முகத்தில் அது ஏறவில்லை. மெய்ச்சிங்கத்திற்குப் புருவம் ஏது?

இளஞ்சிங்கம் சிம்பா தான் அரசனாகும் நாளை எண்ணிப் பாடும் இடத்தில், பழைய படம் உலகையே துறந்துவிடுகிறது. புல்வெளி மறைந்து, பின்னணி செம்மையும் மஞ்சளுமான வண்ணப் பரப்பாகிறது; விலங்குகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிக் கோபுரமாய் நிற்கின்றன. குழந்தையின் ஆணவம் என்னும் உள்ளப்பொருள் அங்கே புறத்தே உருவம் பெறுகிறது. புதிய படத்தில் இரு குட்டிகள் நீர்நிலை ஓரமாக விலங்குகளுக்கிடையே ஓடுகின்றன. விலங்குகள் கோபுரமாய் நிற்பது உலகில் இல்லாத செயலாதலின், அது விலக்கப்பட்டது. ஸ்கார் கழுதைப்புலிகளைத் திரட்டும் பாடலிலும் இவ்வாறே. பசும்புகையும் எழும்பும் பாறையும் அணிவகுப்பும் போய், பாட்டும் சுருங்கி, பெரிதும் பேச்சாகிவிட்டது. இரவின் காதலைப் பெயரிலேயே கொண்ட பாட்டு வெயில் காயும் பகலில் ஒலிப்பதைக் கண்டு பலர் நகைத்தனர். 88 நிமிடம் ஓடிய கதை 118 நிமிடமாக நீண்டது. நீண்டும், பழையதில் இருந்தவை பல இதில் இடம் பெறவில்லை.

முகக்குறிப்பு வேண்டியதில்லை, சூழலே உணர்ச்சியைத் தரும் என்று வாதிடுவோரும் உண்டு. அதற்கு ஆதாரமும் உண்டு. உருசியத் திரைக்கலைஞர் குலஷோவ், குறிப்பற்ற ஒரே முகத்தை உணவு, சவப்பெட்டி, பெண் ஆகியவற்றோடு மாறிமாறி இணைத்துக் காட்டினார். காண்போர் அதே முகத்தில் பசியையும் துயரையும் வேட்கையையும் கண்டனர் என்பது திரைக்கலை நூல்கள் யாவும் கூறும் செய்தி. ஆனால் அம்முகம் பேசவில்லை. பேசாத முகத்தில் காண்போன் தன் உணர்ச்சியை ஏற்றிக்கொள்ளலாம். தந்தையின் உடலருகே நின்று உதவி கேட்டுக் கதறும் குட்டியின் குரல் ஒன்றும், அமைதியான அதன் கண் வேறொன்றும் சொல்லுமானால் எதனை ஏற்றிக்கொள்வது? 1994ஆம் ஆண்டுச் சிம்பா இறந்த தந்தையின் கைக்குள் நுழைந்து படுக்கும்போது, மார்க் ஹென் குழு வரைந்த அக்கண்களில் நீர் மட்டுமன்று, நடந்ததை நம்ப மறுக்கும் பிள்ளைமையும் இருந்தது. அதுவே மெய்ப்பாடு, உள்ளத்து நிகழ்வது உடலில் தோன்றுதல்.

இதே இயக்குநர் 2016இல் எடுத்த 'ஜங்கிள் புக்' இத்தகைய குறைக்கு அவ்வளவாக ஆளாகவில்லை என்பது கருதத்தக்கது. அதிலும் புலியும் கரடியும் கருஞ்சிறுத்தையும் மெய்போல் ஆக்கப்பட்டவையே. ஆனால் நடுவில் மௌக்ளி என்னும் மனிதச் சிறுவன் ஒருவன் இருந்தான். அஞ்சவும் நகைக்கவும் வியக்கவும் ஒரு முகம் கிடைத்தது. காண்போர் அம்முகத்தின் வழியே விலங்குகளைக் கண்டனர். 'லயன் கிங்' கதையில் மனிதனே இல்லை. அங்கே விலங்கின் முகம் மூடினால் எல்லா வாயிலும் மூடிவிடும்.

புதிய படம் முழுதும் வெறுமை என்று சொல்வது நடுவுநிலை ஆகாது. சிம்பா உயிரோடிருக்கும் செய்தி குரங்கு முனிவர் ரஃபிக்கிக்கு எட்டும் இடம் அதற்குச் சான்று. சிங்கத்தின் மயிர்க்கற்றை ஒன்று காற்றில் பறந்து, நீரில் மிதந்து, ஒட்டகச்சிவிங்கியின் வயிற்றில் புகுந்து சாணமாய் வெளிப்பட்டு, வண்டு உருட்டிச் செல்லும் உருண்டையில் ஏறிப் பயணம் செய்து ரஃபிக்கியின் கையை அடைகிறது. எவரும் பேசவில்லை, எவரும் பாடவில்லை. உயிர்களின் தொடர்ச்சி என்னும் படத்தின் கருத்தே அச்சாண உருண்டையில் உருண்டு செல்கிறது. உலகியல் வழக்குத் தன் போக்கில் சென்றால் எவ்வளவு கவிதை ஆகும் என்பதற்கு இது போதும். டிமோன், பும்பா என்னும் நகைச்சுவை இணையைக் குறை கூறியோரும் விரும்பினர். அவர்களின் நகை முகத்தைவிட வாய்ப்பேச்சில் மிகுதியும் தங்கியிருப்பதால் அது தப்பியது.

குறை இவ்வளவு இருக்க மக்கள் ஏன் திரண்டனர்? அவர்களை அறியாதோர் எனத் தள்ளுவது எளிது, உண்மை வேறு. 1994இல் பிள்ளைகளாய் இருந்தோர் 2019இல் தம் பிள்ளைகளை அழைத்து வந்தனர். முன்னோட்டம் 2018 நவம்பரில் வெளிவந்தபோதே பழைய காட்சியையும் புதியதையும் அருகருகே வைத்து மகிழ்ந்தவர் அவர்களே. முஃபாசாவுக்குப் பழைய படத்தில் குரல் கொடுத்த ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸே இதிலும் பேசினார். தமிழ் ஒலிப்பதிவிலும் ஒரு சுவையான ஒற்றுமை நேர்ந்தது. முன்பு சிம்பாவுக்குக் குரல் தந்த அரவிந்த்சாமி, இம்முறை ஸ்காருக்குத் தந்தார். குரல் கேட்டதும் நினைவு எழுந்தது; புதிய சிங்கத்தின் வெறுமுகத்தின்மேல் பழைய ஓவியத்தின் முகத்தை மக்கள் தாமே வைத்துப் பார்த்தனர். சிலர் அதனைக் கையாலும் செய்தனர். பெரிய கண்ணையும் புருவத்தையும் புதிய சிங்கத்தின்மேல் தீட்டி இணையத்தில் பரப்ப, இப்படி இருந்திருக்கலாகாதா என்று பல்லாயிரவர் ஏங்கினர். ஆகவே அரங்கில் சிந்திய கண்ணீரில் ஒரு பெரும்பகுதி பழைய படத்திற்கு உரியது.

நினைவைக் கொண்டு வந்தவர்க்கு இழப்பில்லை. கொண்டு வராத குழந்தையின் நிலை என்ன என்பதே கவலைக்குரிய வினா. மடியில் அமர்ந்து முதன்முறையாக அக்கதையைக் கண்ட ஐந்து வயதுப் பிள்ளைக்கு, அருகே தாய் அழுவது ஏன் என்று திரை சொல்லவில்லை. வரைந்து காட்டும் கலையோ அந்நிறுவனத்தின் முழுநீளப் படங்களில் 2011ஆம் ஆண்டின் 'வின்னி த பூ' படத்தோடு நின்றுபோயிற்று. கை ஓய்ந்தபின் அக்கை சேர்த்து வைத்த பொருளைக் கொண்டே வாணிகம் நடக்கிறது. 2023இல் வந்த 'லிட்டில் மெர்மெய்ட்' புத்துருவில், முன்பு கொழுகொழு கன்னத்தோடு சிரித்த மஞ்சள் மீன் மெய்யான மீனாய்த் தோன்றியதும் அதே நகைப்பு எழுந்தது.

மக்களின் குரல் வீண்போகவில்லை என்று கொள்ளவும் இடமுண்டு. பாரி ஜென்கின்ஸ் இயக்கி 2024 டிசம்பரில் வெளிவந்த 'முஃபாசா' படம், ஜோன்ஸ் மறைந்து மூன்று திங்களுக்குப்பின் வந்தது. அவருக்கே காணிக்கை ஆக்கப்பட்டது. அதிலும் சிங்கங்கள் மெய்ச்சிங்கங்களே. ஆனால் அவற்றின் கண்கள் சற்று விரிந்தன. நெற்றியில் சுருக்கம் விழுந்தது. உதடு அசைவதில் கோபமும் ஐயமும் தெரிந்தன. எத்தனையோ கணினிகள் கூடி அந்த நெற்றியில் கொண்டுவந்த சுருக்கத்தை, முப்பதாண்டுக்கு முன் டேஜாவின் எழுதுகோல் இரண்டு கோட்டில் இட்டிருந்தது.